அம்மா சொன்ன தேதி

"அஞ்சாம் தேதியா? எனக்குப் பன்னெண்டுன்னுதானே சொன்னாங்க!" என்று அக்கா எழுந்தேவிட்டாள். மடியில் இருந்த கைப்பையும் யாரோ கொடுத்த பாதி டீயும் சேர்ந்து சரிந்தன.

கூடத்தின் நடுவே, வெள்ளைத் துணி விரித்த கட்டிலில் அம்மா படுத்திருந்தாள். முந்தாநாள் வரை அந்தக் கூடத்தில் யார் குரலை உயர்த்தினாலும் அவள் குரல் அதற்கு மேல் ஒரு படி ஏறி நிற்கும். இப்போது தலைமாட்டிலேயே நின்று பிள்ளைகள் கத்துகிறார்கள், அவள் வாயைத் திறக்கவில்லை. அம்மா போய்விட்டாள் என்பதைக் கடைசி மகளான சின்னவள் அந்த நிமிடத்தில்தான் முழுதாக நம்பினாள்.

ஆரம்பித்து வைத்தவர் மாமா. அம்மாவின் ஒரே தம்பி, சைக்கிள் கடைக்காரர். துக்கம் கேட்க வந்த பக்கத்து வீட்டுக்காரரிடம் தன் அக்காவின் பெருமையைச் சொல்கிறேன் பேர்வழி என்று, "போன மாசம் இருபதாம் தேதிதான் கடைசி நாளுன்னு கடைக்கே வந்து நின்னா சார். பஞ்சர் ஒட்டிக்கிட்டிருந்தவனை எழுப்பி, கையைக் கழுவ வெச்சு, வருமான வரிக் கணக்கைக் கொடுக்கக் கூட்டிட்டுப் போனா" என்றார். பக்கத்தில் இருந்த அண்ணன் தலையைத் திருப்பினான். "போன மாசம் இருபதா? எனக்கு இந்த மாசம் அஞ்சாம் தேதின்னாங்களே." அதற்குத்தான் அக்கா எழுந்தாள்.

சின்னவளுக்கு விஷயம் உடனே விளங்கிவிட்டது. 

அம்மா முப்பது வருஷம் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவள். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து ஊரையே விரட்டினவள். பத்தேகாலுக்குக் கிளம்ப வேண்டிய பஸ்ஸை "இதோ புறப்படத் தயாராக உள்ளது" என்று பத்துக்கே சொல்லிவிடுவாள். கேட்டால், "அப்பத்தான் ஜனங்க டீ கிளாஸைக் கீழ வெக்கும்" என்பாள். ஓய்வு பெற்ற பிறகு அந்த வித்தையை வீட்டின் மேல் திருப்பினாள். புத்தாண்டு அன்று ஊரெல்லாம் வாழ்த்துச் சொல்லும். அம்மா போன் பண்ணி, "வருஷம் பொறந்தாச்சு. சம்பளச் சீட்டெல்லாம் எடுத்து வெச்சியா?" என்பாள். பிப்ரவரியில் வங்கி வட்டிச் சீட்டு. அப்புறம் வரிக் கணக்குக் கொடுக்கக் கடைசித் தேதி. அரசாங்கம் ஒரு வருஷம் ஒரு தேதி சொல்லும், மறு வருஷம் மாற்றும், நடுவில் நீட்டிக்கும். அதையெல்லாம் பின்தொடர யாருக்குப் பொறுமை? அம்மா சொன்ன தேதிதான் தேதி. அவள் சொன்னதற்கு மேல் ஒருவரும் விசாரித்ததில்லை.

இந்த வீட்டு வாசலுக்குத் தபால்காரர் ஒரு தடவைகூட அபராதக் கடிதத்தோடு வந்ததில்லை. அம்மாவுக்கு நகை, புடவை, வீடு எதுவும் பெரிசில்லை. இதுதான் அவளுடைய பெருமை. தெருவில் யாருக்காவது அபராதம் வந்தால் அவர்கள் வீட்டுக்கே போய் வருத்தம் தெரிவித்துவிட்டு வருவாள். வருத்தம் மாதிரியே இருக்காது அது.

"அப்போ நிஜத் தேதி எது?" என்று கேட்டுக்கொண்டே அண்ணன் போனை எடுத்துத் தேடினான். கூடமே அவன் முகத்தைப் பார்த்தது. "பதினஞ்சு. எல்லாருக்கும் ஒரே தேதிதான். இன்னிக்கு."

அப்புறம் அக்கா கையால் வாயை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று அண்ணி ஓடிப்போய்ப் பிடித்தாள். அக்கா அழவில்லை, சிரித்துக்கொண்டிருந்தாள். அது அண்ணனுக்குத் தொற்றி, மாமாவுக்குத் தொற்றி, அம்மாவின் கட்டிலைச் சுற்றி நின்று எல்லோரும் சத்தமில்லாமல் சிரிக்கப் பாடுபட்டார்கள்.

சிரிப்பு அடங்கியதும் கணக்குப் போட்டார்கள். கணக்கு வந்ததும் கோபம் வந்தது. அம்மா அவரவர் சோம்பேறித்தனத்தை எடைபோட்டு, அதற்கேற்ற நாளைக் கழித்துச் சொல்லியிருக்கிறாள். மாமாவுக்கு மூன்று வாரத்துக்கும் மேல். மருந்துக்கடை நடத்தும் அண்ணனுக்குப் பத்து நாள்.

"மூணு வாரமா? நான் என்ன கும்பகர்ணனா?" என்றார் மாமா.

"உங்களை விடுங்க மாமா. நான் ஸ்கூல்ல பெல் அடிக்கிறதுக்கு முன்னாடி கிளாஸ்ல நிக்கிறவ. எனக்கு எதுக்கு மூணு நாள்?" அக்காவுக்கு அதுதான் ஆறவில்லை. இருபது வருஷ டீச்சர் வேலையையே அம்மா சந்தேகப்பட்டுவிட்ட மாதிரி நின்றாள்.

அப்புறம் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் ஞாபகம் வந்தது. எல்லோரும் சின்னவள் பக்கம் திரும்பினார்கள். அவள்தான் அந்த வீட்டின் கடைக்குட்டி. பிறக்கும்போதே டாக்டர் சொன்ன நாளுக்கு இரண்டு வாரம் கழித்து வந்தவள். அதற்கப்புறம் எதற்கும் நேரத்துக்கு வந்ததில்லை. அப்படிப்பட்டவள் ஊருக்கெல்லாம் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற வேலையில் இருந்தாள். மாணவர்கள் தெருமுனைகளில் காத்து நின்று பழகிவிட்டார்கள்.

"உனக்கு எப்போன்னாங்க?" என்று அண்ணன் ஆசையோடு கேட்டான். "போன வருஷமேவா?"

"பதினஞ்சு" என்றாள் சின்னவள்.

"விளையாடாதே."

"பதினஞ்சுன்னுதான் சொன்னாங்க."

யாரும் சிரிக்கவில்லை. அக்கா அவள் முழங்கையைப் பிடித்தாள். "கொடுத்துட்டதானே?"

சின்னவள் தலையைக் குனிந்தாள். வேறு பதில் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. சின்ன வயதிலிருந்து அந்த முகத்தைப் பார்த்தவர்கள்.

அவளுக்கென்று ஒரு கணக்கு இருந்தது. நாலைந்து வருஷம் முன்னால் அம்மா சொன்ன நாளைத் தவறவிட்டு, பயந்துகொண்டே வரி அலுவலகத்துக்குப் போனபோது, "இன்னும் நாள் கிடக்கே, எதுக்கு ஓடி வர்றீங்க?" என்று கேட்டார்கள். அன்றிலிருந்து அம்மா எந்தத் தேதி சொன்னாலும் அவள் மனதுக்குள் இரண்டு வாரம் கூட்டிக்கொள்வாள். யாரிடமும் சொல்லவில்லை. போன வாரம் அம்மா போன் பண்ணி, "பதினஞ்சாந் தேதிடி" என்றபோது, ரவுண்டானாவில் நடுங்கிக்கொண்டிருந்த ஒரு மாணவியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சரிம்மா, சரிம்மா என்றாள். மாதக் கடைசி என்று எடுத்துக்கொண்டாள். எப்போதும் நாலு தடவை கூப்பிடுகிற அம்மா இந்த முறை ஒரு தடவைதான் கூப்பிட்டாள். இருமல், பேச முடியவில்லை போலிருக்கிறது என்று நினைத்தாள்.

"ஆன்லைன்ல போட்டுடலாம், இரு" என்று அக்கா போனைத் தட்டினாள். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

"கடைசி நாள்ல அது என்னிக்கு எழுந்து நின்னிருக்கு?" என்றார் மாமா. "ஆபீஸுக்குப் போனாத்தான். மூணு மணி வரைக்கும் வாங்குவான்."

மூன்று மணி. அம்மாவை எடுத்துப் போகும் வண்டியும் மூன்று மணிக்குத்தான். அப்பா நேற்றே எல்லோருக்கும் சொல்லி வைத்துவிட்டார். இப்போதே இரண்டு.

"அபராதம்தானே, கட்டிட்டா போச்சு" என்றான் அண்ணன். "அம்மா போற நாள்ல வரி ஆபீஸ் வாசல்லயா நிக்கிறது?"

"அபராதமா? எங்க அக்கா வீட்டுக்கா?" மாமா எகிறினார். "அவ கிடக்கிற இடத்துல நின்னு அந்த வார்த்தையைச் சொல்லாதே. ஒரு கடுதாசி வந்ததில்ல இந்த வாசலுக்கு. இன்னிக்கு வரணுமா, அவ போற நாள்ல?"

"அதுக்காக இவ கடைசி முகம் பார்க்க வேண்டாமா?" என்றாள் அக்கா.

சின்னவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. போனால் அம்மா இருக்கமாட்டாள். போகாவிட்டால் அம்மா வாழ்நாள் முழுக்கக் காப்பாற்றியதை அவள் ஒருத்தி கெடுத்ததாக ஆகும். இத்தனை பேரில் அவள் ஒருத்தி. நான் போகமாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தாள்.

"போயிட்டு வா" என்றார் அப்பா.

நேற்றிலிருந்து அவர் பேசிய வார்த்தைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அம்மா பேசிய வீட்டில் அவர் பேச வேண்டிய தேவை இருந்ததில்லை.

"வண்டி வந்துடும்பா. நான் வர்றதுக்குள்ள..."

"போயிட்டு வான்னு சொன்னேன்ல. அண்ணனைக் கூட்டிக்கிட்டுப் போ."

கூரையில் 'பயிற்சி வாகனம்' என்ற பலகையோடு கார் வாசலில் நின்றது. சாவி துவாரத்துக்குள் போகவில்லை. "அவசரத்துல அண்டாவுலயும் கை நுழையாதும்பாங்க" என்றான் அண்ணன். "நீ வேற வாயை மூடு" என்றாள் சின்னவள். இரண்டாவது முயற்சியில் கார் உறுமியது. பின்னால் மாமா, "ஆறிலும் சாவு நூறிலும் சாவு, மெதுவாவே போங்க!" என்று கத்தினார். என்ன அர்த்தத்தில் சொன்னார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

அது இரண்டு பிரேக் வைத்த கார். சொல்லிக்கொடுப்பவர் உட்காரும் பக்கத்திலும் காலடியில் ஒரு பிரேக் உண்டு. இன்று அந்தப் பக்கம் அண்ணன் உட்கார்ந்திருந்தான். முதல் திருப்பத்திலேயே கார் சடக்கென்று நின்று, பின்னால் வந்தவன் திட்டிவிட்டுப் போனான்.

"அண்ணா, காலை எடு!"

"லாரி வந்துதே!"

"அது எதிர்த் தெருவுல வந்தது. காலை மடக்கி சீட் மேல வெச்சுக்கோ!"

மருந்துக்கடை முதலாளி, நாற்பதைத் தாண்டிய மனுஷன், சம்மணம் கட்டி உட்கார்ந்தான். முன்னாலிருந்த பெட்டியைத் திறந்து படிவத்தையும் உறையையும் எடுத்தான். "எல்லாம் காலியா இருக்கும்னு நினைச்சேன். கூட்டல் எல்லாம் போட்டு வெச்சிருக்கே?"

"ஜனவரியிலேயே அம்மா உட்கார வெச்சுப் போட வெச்சாங்க. மேல ஒரு பக்கம் எழுதிக் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. எழுது."

அவன் எழுதினான். ஒவ்வொரு வேகத்தடையிலும் எழுத்து மேலே ஒரு துள்ளுத் துள்ளியது. "தொழில்?" என்றான். "தெரியாதா உனக்கு?" "ஃபார்ம்ல என்ன போடுவேன்னு கேட்டேன்." "ஓட்டுநர் பயிற்சியாளர்." "இவங்க கண்டாங்களா நீ ஓட்டுற லட்சணத்தை" என்று முணுமுணுத்துக்கொண்டே எழுதினான். சிக்னலில் மஞ்சள் விழுந்தது. சின்னவள் ஆக்ஸிலரேட்டரை மிதித்தாள். தன் மாணவர்களிடம் செய்யவே கூடாது என்று சொல்கிற அத்தனையையும் அவள் அந்தக் கால் மணி நேரத்தில் செய்தாள். அதில் அவளுக்கு ஒரு ஆனந்தம் இருந்தது. நேற்றிலிருந்து உடம்பு முழுக்கக் கனத்துக் கிடந்தது. இப்போது ஒவ்வொரு திருப்பத்திலும் அது கொஞ்சம் கொஞ்சமாகச் சிதறிப் போனது.

"அம்மா மருந்து மயக்கத்துல இருந்திருக்காங்க" என்றான் அண்ணன். "கழிக்க மறந்து நிஜத்தைச் சொல்லிட்டாங்க. அவ்வளவுதான்."

"இல்ல. நம்பித்தான் சொன்னாங்க."

"உன்னையா?"

அவன் கேலியாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே ஆச்சரியப்பட்டுத்தான் கேட்டான். அதனால்தான் அவளுக்குச் சுருக்கென்றது. சின்ன வயதிலிருந்து அவளுக்கு இருந்த ஒரே மனக்குறை அது. எல்லோருக்கும் எட்டு மணி என்றால் அவளுக்கு ஏழு மணி என்று சொல்லுவார்கள். அது தெரிந்து அவள் எட்டரைக்குப் போவாள்.

"நம்பிச் சொன்ன ஒரே வருஷம்ணா" என்றாள். "அந்த வருஷம் பார்த்து நான் நம்பல."

அண்ணன் படிவத்தைப் பார்த்தான். "தொடர்பு எண். நினைவூட்டல் அனுப்புறதுக்காம். எது போட?"

"அம்மா நம்பர்தான் எப்பவும்."

கார் ஒரு பாலத்தில் ஏறி இறங்கும் வரை அவன் பேனாவை அந்தக் கட்டத்தின் மேல் வைத்தபடியே இருந்தான். அப்புறம், "என்னோடதைப் போடுறேன்" என்று எழுதினான்.

வரி அலுவலகத்தின் வாசலில் ஊரின் சோம்பேறிகள் அத்தனை பேரும் கூடியிருந்தார்கள். வரிசை படியிறங்கி, நடைபாதையில் வளைந்து, ஒரு ஜெராக்ஸ் கடையைச் சுற்றிக்கொண்டு போனது. முன்னால் நிற்பவர் முதுகில் படிவத்தை வைத்துக் கையெழுத்துப் போடுகிறவர்கள், பேனா கடன் கேட்கிறவர்கள், வீட்டுக்கு போன் பண்ணி பீரோவைத் திறக்கச் சொல்லிக் கத்துகிறவர்கள். சின்னவளுக்கு எல்லோரையும் நெடுநாள் தெரிந்த மாதிரி இருந்தது. தன் சொந்த ஜாதி ஜனம் என்று தோன்றியது.

அண்ணன் நேரே வாசல் காவலாளியிடம் போனான். "எங்க அம்மா இறந்துட்டாங்க. மூணு மணிக்கு எடுக்கிறாங்க. கொஞ்சம் முன்னாடி விட்டீங்கன்னா..."

காவலாளி அவனை ஏற இறங்கப் பார்த்தார். "காலையிலேர்ந்து நீங்க மூணாவது அம்மா. அப்பா ரெண்டு. வரிசையில நில்லுங்க சார்."

வரிசையில் சிரிப்பு எழுந்தது. "எங்க வீட்டுலயும் வருஷா வருஷம் இந்தத் தேதிக்கு ஒருத்தர் போயிடுவாங்க" என்றார் தலைக்கவசத்தைக் கழற்றாமலே நின்ற ஒருவர்.

"இல்லைங்க, நிஜமாவே" என்றான் அண்ணன். "எங்க அம்மா..."

அதற்கு மேல் அவனுக்கு வரவில்லை. நேற்றுக் காலையிலிருந்து அவன் ஒரு சொட்டு அழவில்லை. டாக்டர் சீட்டைச் சரிபார்க்கிற மாதிரி இறப்புச் சான்றிதழைச் சரிபார்த்தான், நாற்காலிக்குச் சொன்னான், டீக்குச் சொன்னான், வருகிறவர்களுக்கு வழி சொன்னான். இப்போது வரி அலுவலகத்து வாசலில், வாயைத் திறந்து வைத்தபடி, அந்த ஒரு வார்த்தையிலேயே நின்றுவிட்டான். அப்புறம் குழந்தை மாதிரி அழுதான். கையில் இருந்த படிவம் நனையாமல் அதை மட்டும் தூரப் பிடித்துக்கொண்டு அழுதான்.

சின்னவள் அவன் முதுகைத் தடவினாள். அவளுக்கும் வந்தது. ஆனால் ஒருவர்தான் அழ முடியும், ஒருவர் வரிசையைப் பார்க்க வேண்டும்.

சிரித்த வாய்கள் மூடிக்கொண்டன. தலைக்கவசக்காரர் அதைக் கழற்றினார். "போங்கம்மா, முன்னாடி போங்க" என்றார். அவருக்கு முன்னால் நின்றவர் நகர்ந்தார், அவருக்கு முன்னால் நின்ற அம்மாள் நகர்ந்தாள். ஒரு ஆள் மட்டும், எனக்கும் அவசரம்தான் என்று முனகினான். அவனை இரண்டு பேர் பார்த்த பார்வையில் அவனும் நகர்ந்தான். "ஐயாவுக்கு ஒரு நாற்காலி போடுங்கப்பா" என்று காவலாளி உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

கவுண்டரில் இருந்த பெண்மணி நிமிர்ந்து பார்க்கவில்லை. காலையிலிருந்து படிவங்களைப் பார்த்த கண்கள். புரட்டினாள், ஒரு இடத்தில் விரலை வைத்தாள். "கையெழுத்து."

சின்னவள் போட்டாள்.

"இங்கயும்."

போட்டாள். பின்னால் சுவர்க் கடிகாரத்தில் மூன்றுக்கு இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. காவலாளி ஷட்டர் கொக்கியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

"தொடர்பு எண் மாறியிருக்கே. பழைய நம்பரை எடுத்துடவா?"

ஒரு சின்னக் கேள்விதான். ஆமாம் என்றால் முடிந்தது. சின்னவளுக்கு வாய் வரவில்லை. நாற்காலியில் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்த அண்ணன் எழுந்து வந்து, "எடுத்துடுங்க" என்றான்.

முத்திரை விழுந்தது. ஒப்புகைச் சீட்டில் தேதி பளிச்சென்று இருந்தது. ஷட்டர் பாதி இறங்கிவிட்டது. இருவரும் குனிந்து வெளியே வந்தார்கள்.

வெளியே வந்ததும் சின்னவள் அந்தச் சீட்டைத் தலைக்கு மேல் தூக்கி ஒரு கூச்சல் போட்டாள். வரிசையில் மிச்சமிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். சந்தோஷமாக இருந்தது. இருக்கக் கூடாத நாளில், அடக்க முடியாத அளவுக்குச் சந்தோஷமாக இருந்தது. அண்ணனும் சிவந்த கண்ணோடு சிரித்தான். அடுத்த நொடி இருவருக்கும் ஒன்றாக உறைத்தது. மணி மூன்று.

திரும்பும் வழியில் அண்ணன் போனை எடுத்தான். அக்காவுக்கு போன் போனது, எடுக்கவில்லை. துக்க வீட்டில் யார் போனைக் கையில் வைத்துக்கொண்டிருப்பார்கள்? சிக்னல் எல்லாம் சிவப்பாகவே விழுந்தது. ஒவ்வொரு சிவப்பிலும் சின்னவள் ஸ்டியரிங்கை உள்ளங்கையால் குத்தினாள். பெரிய வண்டி எதிரே வரும்போதெல்லாம் அதற்குள் அம்மா இருக்கிறாளோ என்று பார்த்தாள். "நான் போயிருக்கக் கூடாது" என்றாள். "ஒரு முத்திரைக்காக. கடைசியிலயும் நான் லேட்டுதான்." அண்ணன் சம்மணத்தை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

தெருவுக்குள் திரும்பியபோது வாசலில் வண்டி இல்லை. போய்விட்டது. காரை நடுத்தெருவில் கோணலாக விட்டுவிட்டு இறங்கி ஓடினாள். வாசலில் மாமா குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார்.

"எப்போ மாமா போச்சு?"

"எங்க போச்சு? வரவே இல்ல! மூணுன்னு சொன்னவன் இன்னும் வரல. போன் நம்பரைக் கொடுங்க, அவனை உண்டு இல்லைன்னு பண்ணிடறேன்னு உங்க அப்பாவைக் கேட்டா, அவரு வாயைத் திறக்கல."

சின்னவள் செருப்போடு உள்ளே போய்விட்டாள். அம்மா இருந்தாள். அதே கட்டிலில், அதே துணியில். காலடியில் அப்பா உட்கார்ந்திருந்தார்.

"கொடுத்தாச்சா?" என்று கேட்டார்.

"கொடுத்தாச்சுப்பா."

"முத்திரை போட்டுட்டானா?"

சீட்டை நீட்டினாள். கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். தேதியைப் பார்த்ததும் திருப்பிக் கொடுத்தார்.

"வண்டி என்னப்பா ஆச்சு?" என்றான் பின்னால் வந்த அண்ணன். "நான் வேணா பேசட்டுமா?"

"நாலு மணிக்குத்தான் வரச் சொல்லியிருக்கேன்."

கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"எங்களுக்கு மூணுன்னீங்களே!" என்றாள் அக்கா.

"உங்களுக்கு மூணுதான்" என்றார் அப்பா. "நாலுன்னு சொன்னா உங்க மாமா அஞ்சுக்கு வருவாரு."

வாசலில் மாமாவுக்கு அது கேட்டிருக்க வேண்டும். நடை நின்றது. நாற்பத்தைந்து வருஷம் அம்மாவோடு வாழ்ந்த மனுஷன் அந்த வித்தையைக் கற்றுக்கொள்ளாமலா இருப்பார்? அக்கா மறுபடியும் வாயைப் பொத்திக்கொண்டாள். இந்த முறை அவள் சிரிக்கவில்லை.

சின்னவள் அப்பாவின் பக்கத்தில் குந்தினாள். வழி முழுக்க மனதில் சுற்றிக்கொண்டிருந்ததைக் கேட்டே விட்டாள். "எனக்கு மட்டும் ஏம்ப்பா நிஜத் தேதி சொன்னாங்க?"

"நானும் கேட்டேன்" என்றார். அம்மாவைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நீ ரெண்டு வாரம் கூட்டிக்கிறது அவளுக்கு அன்னிக்கே தெரியும். அதுக்கும் சேர்த்துத்தான் கழிச்சுச் சொல்லிக்கிட்டிருந்தா."

"தெரியுமா?"

"தெரியாம? இந்த வருஷம் வேண்டாம்னுட்டா. 'எனக்கு அப்புறம் அவளுக்கு யாரு கழிச்சுச் சொல்லப் போறாங்க? நிஜத்தைச் சொல்லியே பழக்கிடறேன்'னா. முந்தாநாள் ராத்திரி திடீர்னு ஞாபகம் வந்து, 'அவ கூட்டிக்கப் போறா, நாளைக்குக் காலையில போன் பண்ணி கூட்டாதடின்னு சொல்லணும்'னா." அவர் கட்டில் துணியின் ஓரத்தை நீவிவிட்டார். "காலையில நான் டீ போட்டுட்டு வர்றதுக்குள்ள..."

எல்லாவற்றையும் முன்கூட்டியே செய்தவள் ஒரே ஒரு போனை மறுநாளைக்கு வைத்திருக்கிறாள். சின்னவளுக்கு அது தாங்க முடியாமல் இருந்தது. அம்மாவின் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். ஜில்லென்று இருந்தது.

"கூட்டலம்மா இனிமே" என்று சொன்னாள். சத்தமாகத்தான் சொன்னாள். யாரும் ஒன்றும் நினைத்துக்கொள்ளவில்லை.

நாலு மணிக்கு இன்னும் நேரம் இருந்தது. செய்ய வேண்டியது எதுவும் பாக்கி இல்லை. மாமா உள்ளே வந்து, தலையைக் குனிந்தபடி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அக்கா அம்மாவின் நெற்றியில் விழுந்திருந்த முடியை ஒதுக்கினாள். அண்ணன் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தான்.

தெருவில் ஒரு வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. எல்லோரும் நிமிர்ந்தார்கள். சின்னவள் அம்மாவின் கையை விடாமலே பாதி எழுந்து ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பள்ளிக்கூட வேன். ஒரு சிறுமி குதித்து இறங்கி, பை குலுங்க எதிர்வீட்டுக்குள் ஓடினாள். வேன் கோணலாக நின்ற காரைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது.

சின்னவள் மறுபடி உட்கார்ந்தாள்.